வெட்டும் கிழிவும்

மருத்துவன் என்ற சொல்லுக்குத் தமிழில் பெண்பால் மருத்துவச்சி. இலக்கணத்தில் இரண்டுக்கும் விகுதிதான் வித்தியாசம். வழக்கிலோ ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவர். மற்றவர் புழக்கடை வழியாக வந்து, காரியம் முடிந்ததும் அதே வழியாகத் திரும்பிப் போனவர். நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சாதிப் பெண்கள். அந்தச் சாதிக்கே மருத்துவர் என்ற பெயரும் உண்டு. படித்த பெண் டாக்டர்கள் வந்தபோது மருத்துவச்சி என்ற சொல் தயாராக இருந்தும் யாரும் அதை அவர்களுக்குத் தரவில்லை. லேடி டாக்டர் என்றார்கள். தமிழ் உணர்ச்சி வந்தபின் பெண் மருத்துவர் என்றார்கள். கையில் இருக்கும் ஒரு சொல்லை மொழி ஏன் பயன்படுத்த மறுக்கிறது என்று கேட்பது விமர்சகனின் வேலைகளில் ஒன்று. அந்தக் கேள்வி என்னைப் பிரசவ அறையின் வாசல்வரை கொண்டுபோயிற்று. நம் ஊர்களில் கணவன்மார்களை அதற்குமேல் விடுவதில்லை. ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் படித்தது; மீதி என் மனைவி சொன்னது.

ஆங்கிலத்தில் இதே கதை இன்னும் வெளிப்படையாக நடந்திருக்கிறது. மிட்வைஃப் என்ற பழைய சொல்லுக்குப் பெண்ணோடு இருப்பவள் என்று பொருள். லத்தீனில் அவள் ஆப்ஸ்டெட்ரிக்ஸ், அதாவது எதிரே நிற்பவள். 18ஆம் நூற்றாண்டில் ஆண்கள் இத்தொழிலுக்குள் நுழைந்தபோது அவர்களுக்கென்று பெயர் இல்லை. மேன்-மிட்வைஃப், ஆண் மருத்துவச்சி, என்ற சிரிப்புக்கிடமான பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். பின்னால் அந்த லத்தீன் மருத்துவச்சியின் பெயரிலிருந்தே தங்கள் துறைக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் எழுதும்போது அவள் பெயரும் துறையின் பெயரும் ஒரே எழுத்துக்களில் அமைந்துவிடுவது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

பி.ஏ. வகுப்பில் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துபோய்விட்ட ஒரு நாவலைப் பிற்பாடு நானாகப் படித்தேன். லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759இலிருந்து 1767வரை ஒன்பது பாகங்களாக வெளியிட்ட ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’. கதாநாயகன் பிறப்பதற்கே பாகங்கள் ஆகின்றன. தாய் மாடியில் பிரசவ வேதனையில் இருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஊர்க் கிழவியான மருத்துவச்சி. தகப்பனுக்கு வேண்டியது கருவிப் பையோடு வரும் டாக்டர் ஸ்லாப். கடைசியில் ஒரு சமரசம்: மருத்துவச்சி மாடியில் பிரசவம் பார்ப்பாள், டாக்டர் கீழே வீட்டுக்காரரோடு ஒயின் குடித்துக்கொண்டிருப்பார், அதற்கு ஐந்து கினி கட்டணம். குடித்துக்கொண்டிருக்கும் டாக்டர் தம்முடைய குறட்டின் பெருமையை விளக்க டோபி மாமாவின் இரண்டு கைகளையும் குழந்தையின் தலையாக வைத்து இழுத்துக் காட்டுகிறார். கைகளின் தோல் உரிந்து வந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்து அவர் மருத்துவச்சியிடம், முன்னால் வருவது தலைதான் என்று சொல்ல முடியுமா, இடுப்பாக இருக்கக்கூடாதா என்கிறார். நிச்சயமாகத் தலைதான் என்கிறாள் அவள். டாக்டர் அவளுக்குப் பதில் சொல்வதில்லை. தகப்பன் பக்கம் திரும்பி, இந்தக் கிழவிகள் எப்போதும் இப்படித்தான் உறுதியாகப் பேசுவார்கள், ஆனால் இது கண்டுபிடிக்க மிகவும் கடினமான விஷயம் என்கிறார். பிறகு மாடிக்குப் போகிறார். குழந்தை மூக்கு நசுங்கிப் பிறக்கிறது.

மூக்கு இருப்பது தலையில். மருத்துவச்சி சொன்னது சரி. நாவலில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவள் உறுதியாகச் சொன்னாள் என்பதே அவளுக்கு எதிரான சாட்சியமாக ஆகிவிடுகிறது. டாக்டரின் சந்தேகமோ ஞானத்தின் லட்சணமாகிறது. டாக்டர் ஸ்லாப்புக்கு மூலம் யார்க் நகரத்து ஜான் பர்ட்டன் என்பார்கள். 1751இல் பிரசவ சாஸ்திரம் பற்றிப் புத்தகம் எழுதி, சொந்தமாக ஒரு குறடும் வடிவமைத்தவர். ஸ்டெர்னின் முதல் பாகங்கள் பேசப்பட்டுக்கொண்டிருந்த 1760இல், லண்டன் ஹேமார்க்கெட்டில் தொழில் செய்த எலிசபெத் நிஹெல் என்ற நிஜமான மருத்துவச்சி, கருவி பிடித்த ஆண்களைத் தாக்கி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பாரிஸில் பயிற்சி பெற்றவர். அவசியமில்லாத இடத்தில் குறடு போடுகிறார்கள், இயற்கைக்கு அவகாசம் தர அவர்களுக்குப் பொறுமையில்லை என்பது அவர் வாதம். கோபமும் அனுபவமும் நிறைந்த புத்தகம். அவருடைய அனுபவத்துக்கு எதிரே டாக்டர்களும் தங்கள் அனுபவத்தை வைத்தார்கள். அனுபவத்தை அனுபவத்தால் வெட்டினால் மிஞ்சுவது பதவிதான். பதவி யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

குறட்டைத் தொடர்ந்து வந்தது கத்தரி. குழந்தையின் தலை வெளிப்படும் தருணத்தில், யோனிக்கும் குதத்துக்கும் இடையே உள்ள சதையைக் கத்தரியால் வெட்டி வழியை அகலப்படுத்துவது. புத்தகப் பெயர் எபிசியாட்டமி; ஆஸ்பத்திரிப் பேச்சில் எபி. 1742இல் டப்ளினில் ஃபீல்டிங் ஓல்ட் என்பவர் இதை விவரித்தபோது, தலை வெளிவராமல் நின்றுபோகும் அபூர்வமான சிக்கலுக்கான வைத்தியமாகவே சொன்னார். அபூர்வமானது நித்தியப்படியாக மாற நெடுங்காலம் ஆயிற்று. மாற்றியதில் பெரும்பங்கு சிகாகோவின் ஜோசப் டிலீக்கு உண்டு.

டிலீயை வில்லனாக்குவது சுலபம், நியாயமாகாது. 1895இல் சிகாகோவின் ஏழைப் பெண்களுக்காக இலவசப் பிரசவ நிலையம் தொடங்கியவர் அவர். தாய்மார்கள் சாவதைக் கண்ணால் கண்டு சகிக்க முடியாதவர். அந்த மனிதர் 1920இல் ஒரு கட்டுரை வாசித்தார். முதல் பிரசவங்களில், சிக்கல் எதுவும் தலைகாட்டும் முன்பே, தாயை மயக்கத்தில் ஆழ்த்தி, சதையை வெட்டி, குறடு போட்டுக் குழந்தையை எடுத்துவிடலாம் என்பது அதன் சிபாரிசு. பிரசவமே ஒரு நோய் என்பதற்கு அவர் சொன்ன ஆதாரங்களை நான் விமர்சகன் என்ற முறையில் கவனித்தேன். தாய்க்கு நேர்வது கவைக்கோலின்மேல் விழுவதைப் போன்றது. குழந்தையின் தலைக்கு நேர்வது கதவிடுக்கில் சிக்குவதைப் போன்றது. முட்டையிட்டதும் சாகும் சால்மன் மீனைப்போல இயற்கை பெண்ணையும் உபயோகித்து எறியத்தான் நினைத்ததோ என்று ஒரு கேள்வி. எல்லாம் உவமைகள். அந்தக் கூட்டத்திலேயே மறுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் உவமைகள் வென்றன. 1979 வாக்கில் அமெரிக்காவில் இயல்பான வழியில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கத்தரி பட்டது.

அதை நியாயப்படுத்தச் சொல்லப்பட்டவை நான்கு. வெட்டு நேர்கோடு, கிழிவு கோணல். ஆகவே வெட்டு சீக்கிரம் ஆறும். வெட்டினால் குதம்வரை கிழியாது. பிற்காலத்தில் சதை தளராது. குழந்தையின் தலைக்குப் பாதுகாப்பு. நான்கும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கின்றன. 1983இல் தாக்கர், பாண்ட்டா என்ற இருவர், 1860 முதல் 1980வரை ஆங்கிலத்தில் இதுபற்றி வெளியான எழுத்துக்களை எல்லாம் திரட்டிப் படித்தார்கள். நான்கில் ஒன்றுக்கும் உருப்படியான நிரூபணம் கிடைக்கவில்லை.

வங்கியில் வேலை செய்பவனுக்கு இது பரிச்சயமான காட்சி. ஒரு தொகை வருஷாவருஷம் முன்கொணரப்பட்டு வரும். அதை முதலில் எழுதியவர் ரிட்டையராகிப் போயிருப்பார். இது என்ன என்று கேட்டால், எப்போதும் இப்படித்தான் சார் என்பார்கள். ஆடிட்டர் வந்து வவுச்சர் கேட்கும்வரை அந்த எண் மற்ற எண்களைப் போலவே கம்பீரமாக நிற்கும். இங்கே விசேஷம், வவுச்சர் இல்லாதது மட்டுமில்லை. அந்தத் தொகை செலவுப் பக்கத்திலேயே எழுதப்படவில்லை. இதை நான் புரிந்துகொண்டது என் வீட்டில் நடந்த இரண்டு பிரசவங்களின் காகிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது.

என் மனைவிக்கு முதல் பிரசவம் ஒரு மாவட்டத் தலைநகரில், தனியார் நர்ஸிங் ஹோம் ஒன்றில். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு நர்ஸம்மா இருந்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்தே ஓய்வு பெற்றவர். வலி எடுத்த இரவு முழுவதும் என் மனைவியின் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். விடியற்காலையில் டாக்டரம்மா வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு கத்தரிக்காகக் கையை நீட்டினார். நர்ஸம்மா உடனே எடுத்துக் கொடுக்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்க மேடம். சதை நல்லா விரிஞ்சு குடுக்குது.”

“பிரைமிதானே? போட்டுடலாம்.” முதல் பிரசவக்காரிக்கு அங்கே அந்தப் பெயர்.

“பிரைமின்னா போட்டே ஆகணும்னு இப்ப இல்லீங்க மேடம். தேவைப்பட்டா மட்டும்னுதான் எங்களுக்கு டிரெய்னிங்ல சொன்னாங்க.”

“நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?”

“ஐயோ, இல்லீங்க மேடம். குழந்தைக்கு ஹார்ட் நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு வலி பாப்பமே.”

இரண்டு வலி பார்த்தார்கள். மூன்றாவதில் பெண் பிறந்தாள். சிறு கிழிவு; இரண்டு தையல். தையல் போட்டுக்கொண்டே டாக்டரம்மா சொன்னாராம்: “பாத்தீங்களா, கிழிஞ்சிடுச்சு. நான் போட்டிருந்தா நேரா இருந்திருக்கும்.” நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் சிக்கல்கள் என்ற கட்டத்துக்கு எதிரே, முதல் டிகிரி கிழிவு என்று எழுதியிருந்தது. என் மனைவி ஐந்தாம் நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த வருஷம் வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் என் மச்சினிக்குப் பிரசவம். எபி போட்டு ஐந்தாறு தையல். மூன்று வாரம் அவள் ஒருக்களித்தே படுத்திருந்தாள். குழந்தையைப் படுத்தபடியேதான் எடுத்தாள். அவளுடைய காகிதத்தில் அதே கட்டத்துக்கு எதிரே எழுதியிருந்தது: இல்லை.

பிரசவத்தில் ஏற்படும் காயங்களை டாக்டர்கள் நான்கு டிகிரிகளாகப் பிரிக்கிறார்கள். தோல் மட்டும் கிழிந்தால் முதல் டிகிரி. தசையும் கிழிந்தால் இரண்டாவது. குதத்தைச் சுற்றிய தசையும் அதற்கு உள்ளேயும் போனால் மூன்றும் நான்கும். எபி தோலையும் தசையையும் சேர்த்து வெட்டுகிறது. ஆக ஆழத்தில் அது இரண்டாம் டிகிரிக் கிழிவுக்குச் சமம். என் மனைவிக்கு நேர்ந்ததைவிடப் பெரிய காயம் மச்சினிக்கு. ஆனால் பெண்ணின் உடம்பு தானாகக் கிழிந்தால் அது சிக்கல். டாக்டர் வெட்டினால் அது சிகிச்சை. கத்தரி தான் உண்டாக்கும் காயத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. நஷ்டம் முழுவதும் கிழிவின் பெயரில் எழுதப்படுகிறது. பிறகு நஷ்டத்தைக் காட்டியே கத்தரி சிபாரிசு செய்யப்படுகிறது. இப்படி வைக்கப்படும் கணக்கில் கத்தரி ஒரு நாளும் தோற்க முடியாது.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மா ஊசி அறையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “லேபர் வார்டுல இல்லீங்களாக்கா?” என்று என் மனைவி கேட்டாள். “அங்க இப்ப சின்னப் பொண்ணுங்க பாத்துக்கறாங்க கண்ணு. கேட்டதக் கேட்ட உடனே எடுத்துக் குடுத்துருவாங்க” என்றார். குரலில் புகார் இல்லை. அடுத்த டோக்கன்காரரைக் கூப்பிட்டார்.

அதன் பிறகுதான் நான் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற பெயரைத் தேடிப் போனேன். இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து ராயல் பெர்க்ஷயர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்த மருத்துவச்சி. எபியைப் பற்றி இங்கிலாந்தில் அப்போது சத்தமான சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வெட்டுவதே பாதுகாப்பு என்ற டாக்டர்கள். மறுபக்கம் வெட்டினால் வலியும் வேதனையும் அதிகம் என்ற பெண்கள், மருத்துவச்சிகள். நிஹெல் காலத்துச் சண்டையேதான். ஸ்லீப் இதில் மூன்றாவதாக ஒன்று செய்தார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, 1000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவில் குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்ட வேண்டும். மற்றதில் கிழிவைத் தவிர்க்கத் தாராளமாக வெட்டலாம். எந்தப் பெண் எந்தப் பிரிவு என்பது முத்திரையிட்ட உறைக்குள். பிரசவம் நெருங்கும்போதுதான் உறை பிரிக்கப்படும். பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள்.

ஒரு மருத்துவச்சி, தன் கை சொல்வதை ஒதுக்கிவைத்துவிட்டு உறை சொல்வதன்படி செய்வது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். இதே கேள்வியைப் பின்னால் மான்ட்ரியலில் சோதித்தபோது, எபியில் நம்பிக்கை கொண்ட டாக்டர்களால் வெட்டாமல் இருக்க முடியவில்லை. தங்களுக்கு விதிக்கப்பட்ட பிரிவை மீறி வெட்டினார்கள். ரெடிங்கில் முதல் பிரிவில் 10 சதவீதம், இரண்டாவதில் 51 சதவீதம் என்று வித்தியாசம் தெளிவாக நின்றது.

முடிவு 1984இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. குறைவாக வெட்டிய பிரிவில் காயமே இல்லாமல் பிரசவித்தவர்கள் அதிகம். கிழிவுகளும் அதிகம். இரண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து கடுமையான காயங்கள். அவற்றில் நான்கு குறைவாக வெட்டிய பிரிவில். குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. பத்தாம் நாளும் மூன்றாம் மாதமும் பெண்களைக் கேட்டதில் வலியிலும் வித்தியாசம் இல்லை. குறைவாக வெட்டிய பிரிவில் ஒரு மாதத்துக்குள் தாம்பத்தியத்துக்குத் திரும்பியவர்கள் கூடுதல். கட்டுரை முடிவாகச் சொன்னது: தாராளமாக வெட்டுவதற்கு ஆதாரம் இல்லை, வெட்டாவிட்டால் வேதனை குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இந்தக் கட்டுரையை நான் பலமுறை படித்தேன். ஐந்தில் நான்கு என்ற எண்ணில் ஒவ்வொரு தடவையும் நின்றேன். ஒரு மருத்துவச்சி தன் கட்சிக்கு எதிரான எண்ணைத் தன் கையால் சுருக்கத்திலேயே எழுதிவைக்கிறார். எண்ணிக்கை சிறியது, அதிலிருந்து எதையும் நிச்சயிக்க முடியாது. ஆனால் எழுதாமல் விடவில்லை. பெரிய சோதனைகள் வந்தபோது அந்தப் பயமும் நீங்கியது. 1993இல் அர்ஜென்டினாவில் 2606 பெண்களிடம் பார்த்தபோது, கடுமையான கிழிவு வழக்கமாக வெட்டிய பிரிவில் 1.5 சதவீதம், அவசியத்துக்கு மட்டும் வெட்டியதில் 1.2. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில், அவசியத்துக்கு மட்டும் வெட்டும் இடங்களில் கடுமையான காயம் 30 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில் வழக்கமாக வெட்டுவதும், மயிர் மழிப்பதும், எனிமா கொடுப்பதும், வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதும் வேண்டாதவை என்று இருக்கின்றன. அவசியமான இடத்தில் கத்தரி தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. நர்ஸம்மாவும் மறுக்கவில்லை.

ஸ்லீப் செய்ததில் புரட்சிகரமானது எது என்று யோசித்தால், வெட்டையும் கிழிவையும் காயம் என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதியதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முன்னால் அவை வேறு வேறு லெட்ஜர்களில் இருந்தன. ஒரே பக்கத்துக்கு வந்ததும் கூட்டிப் பார்க்க முடிந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து வேல்ஸில் பணிபுரிந்த டாக்டர் ஆர்ச்சி காக்ரன், 1979இல், ஆதாரமில்லாமல் வைத்தியம் செய்வதில் எல்லாத் துறைகளையும் விடப் பிரசவத் துறையே மோசம் என்று அதற்கு ஒரு மரக் கரண்டியைப் பரிசாக அறிவித்தார். பத்து வருஷங்களுக்குள் அந்தத் துறையின் சோதனைகள் எல்லாம் திரட்டப்பட்டு 1989இல் பெரிய தொகுப்பாக வந்தன. அதன் முன்னுரையில் மரக் கரண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைப் பார்க்காமல் முந்தைய வருஷமே இறந்துவிட்டார். திட்டியவரே திட்டைத் திரும்பப் பெறும்படி ஒரு துறை நடந்துகொண்டதில் ரெடிங்கின் மருத்துவச்சிக்கும் பங்கு உண்டு.

இதை ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபின் நம்மிடையே நடந்த சர்ச்சையை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். க.நா.சு. பட்டியல் போட்டார். செல்லப்பா அலசிக் காட்ட வேண்டும் என்றார். பட்டியல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்பது என் அபிப்பிராயம். அவருடைய ரசனை அப்படிப்பட்டது. டிலீயின் கைகூடத் தேர்ந்த கைதான். ஆனால் பட்டியலைச் சரிபார்க்க முடியாது. நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம். அதில் விடுபட்ட பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதப் பட்டியலில் இடம் கிடையாது. க.நா.சு.வுக்குப் பின் வந்தவர்களிடம் அவருடைய படிப்பு இல்லை, பட்டியல் போடும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. எந்தத் துறையிலும் இப்படித்தான் நேர்கிறது. தேர்ந்த கை ஒன்று அபூர்வமான இடத்தில் செய்ததைச் சாதாரணக் கைகள் எல்லா இடத்திலும் செய்கின்றன. கேட்டால் முன்னவரின் பெயரைச் சொல்கின்றன.

எதிர்ப்பவர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. டாக்டரின் அதிகாரத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பாட்டி வைத்தியமே மேல், இயற்கையை விட்டுவிட்டால் எல்லாம் சுபம் என்று பேசுகிறவர்கள் இன்று நிறைய. நர்ஸம்மா அவர்கள் கட்சியில் இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டபிறகுதான் அவர் பொறுக்கச் சொன்னார். துடிப்பு இறங்கியிருந்தால் கத்தரியை அவரே எடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் பேசியது புது மருத்துவத்தின் பெயரால். அந்த அறையில் பழைய வழக்கத்தின் பிரதிநிதி பட்டம் பெற்றவர்தான். மருத்துவச்சி என்றால் பழமை, டாக்டர் என்றால் நவீனம் என்ற நம் எளிய சூத்திரத்தில் இந்தக் காட்சி அடங்குவதில்லை. இந்திய அரசு 2018இல், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைத் தனிப் பதவியாகவே உண்டாக்குவதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கைகளைக் கோப்பில் போடும் வேலை எனக்குப் பழக்கம். சுற்றறிக்கை கிளைக்கு வந்து சேர்வதற்கும் கவுன்ட்டருக்கு வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தூரம் எனக்குத் தெரியும். கவுன்ட்டரில் அதைச் சொன்னவர் டோக்கன் கொடுக்கப் போய்விட்டார்.

இதுவரை எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “எல்லாம் சரி. அந்த டாக்டரும் என்னைக் கேக்கல. அந்தம்மாவும் என்னைக் கேக்கல. எனக்கு மேலேயே பேசிக்கிட்டாங்க. போடவா வேணாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம்.” நர்ஸம்மாவைப் பற்றி அவளுக்கு நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் போன் செய்கிறாள். ஆனாலும் இதைச் சொன்னாள். நான் மறுத்துப் பேச இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

ரெடிங் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டிகிரிகளும் தையல்களும் பிரசவம் பார்த்தவர்களின் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாம் மாதத்து வலியும், தாம்பத்தியத்துக்குத் திரும்பிய நாளும் அப்படிப்பட்டவை இல்லை. அந்தப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும்; கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். வெட்டுவதா வேண்டாமா என்று சண்டையிட்ட இரு தரப்பும், பிரசவ அறையை விட்டு வெளியே போன பெண்ணைப் பின்தொடர்ந்து போய், இப்போது எப்படி இருக்கிறது என்று கணக்கெடுத்ததற்கு அதற்கு முன்னால் அதிக உதாரணங்கள் இல்லை.

ஸ்டெர்னின் நாவலில் கீழ்த்தளத்து ஆண்கள் குறட்டைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். வாசகர்களான நாமும் அவர்களோடு உட்கார்ந்து இருநூற்றைம்பது வருஷத்துக்குமேல் சிரித்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவச்சிக்காவது ஓரிரு வரிகள் கிடைக்கின்றன. மாடியில் இருக்கும் ஷாண்டியின் மனைவி பிரசவம் முழுவதும் நம் பார்வைக்கே வருவதில்லை. தனக்கு அந்தக் கிழவிதான் வேண்டும் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.